பள்ளிக்கூடம் தவறிப்போனவர்கள் டிகிரிக்குப் பாடம் தேர்ந்தெடுப்பது எப்படி?

பத்தாம் வகுப்பைத் தொடாமலே முப்பது வயதைத் தாண்டியவர்கள், எட்டோடு நின்று தென்னந்தோப்பு வேலைக்கோ பொள்ளாச்சிப் பக்கம் மில்லுக்கோ போனவர்கள், கல்யாணம் என்று வந்ததும் புத்தகப் பையை மாட்டி வைத்துவிட்ட பெண்கள், இவர்களில் யாராவது வந்து "இப்போ டிகிரி படிக்கணும்னா என்ன பாடம் எடுக்கறதுங்க?" என்று கேட்டால் நான் என்ன சொல்வேனோ அதை இங்கே எழுதி வைக்கிறேன். நான் இருப்பது பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம், முதலமடை என்று எல்லையை ஒட்டிய ஊர்களில் வீட்டில் தமிழ், வில்லேஜ் ஆபீசில் மலையாளம், விண்ணப்பத்தில் இங்கிலீஷ் என்று வாழ்கிறவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். இடுக்கி மாவட்டத்தில் தேவிகுளம், பீர்மேடு பக்கம் உள்ளவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். நானும் ஏழாவதோடு நின்று, வேலைக்குப் போய்க்கொண்டே பத்து, பிளஸ் டூ, டிகிரி என்று வந்தவன்தான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் இதே பாதையில் வருகிறவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

ஒரே ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்து வரும். பள்ளிக்கூடம் ஒழுங்காகப் போன பிள்ளைகள் முதலில் பத்து, அப்புறம் பிளஸ் டூ, அப்புறம் டிகிரி என்று முன்னோக்கி யோசித்தால் போதும், ஏனென்றால் அவர்களுக்குப் பள்ளிக்கூடமே பாதையைப் போட்டுக் கொடுத்துவிடுகிறது. நாம் பின்னோக்கி யோசிக்க வேண்டும். எந்த வேலை, அதற்கு எந்த டிகிரி, அந்த டிகிரிக்கு எந்த பிளஸ் டூ, அந்த பிளஸ் டூவுக்கு எந்த பத்து என்று கடைசியிலிருந்து வர வேண்டும். "முதல்ல பத்தாவது பாஸ் பண்ணிக்கறேன், பாடத்தை அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறவர்கள்தான் பாதி வழியில் கதவு சாத்தியிருப்பதைப் பார்த்துத் திகைத்து நிற்கிறார்கள்.

முதலில் வேலையை எழுதுங்கள்

ஒரு நோட்டை எடுத்து, பாடத்தின் பெயரை அல்ல, நீங்கள் என்ன வேலை செய்ய ஆசைப்படுகிறீர்கள் என்பதை எழுதுங்கள். "கவர்மெண்ட் வேலை" என்று மொட்டையாக எழுதினால் பிரயோஜனம் இல்லை. எந்த மாநிலத்தில், எந்த இலாகாவில், எந்த நாற்காலியில் என்று எழுத வேண்டும். மூன்று வேலை எழுதினாலும் சரி.

உதாரணமாக, கேரள அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ் ஆசிரியர் ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தமிழில் டிகிரி, அதற்கு மேல் பி.எட்., அதோடு கேரளத்தின் ஆசிரியர் தகுதித் தேர்வான கே-டெட். பி.ஏ. தமிழுக்கு பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்திருந்தாலும் வழி உண்டு. ஆகவே பத்தையும் பிளஸ் டூவையும் வீட்டுக்குப் பக்கத்தில் எது வசதியோ அப்படி முடிக்கலாம்.

இதுவே நர்ஸ் ஆக வேண்டும் என்றால் கதை வேறு. பி.எஸ்சி. நர்சிங்குக்கு பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் இங்கிலீஷும் கட்டாயம். நம் ஊரில் எளிதாகக் கிடைக்கிற பிளஸ் டூ துல்யதாவில், அதாவது கேரள அரசின் எழுத்தறிவு அமைப்பான சாட்சரதா மிஷன் நடத்துகிற சமநிலைப் படிப்பில், ஹியூமானிட்டீஸ், காமர்ஸ் இரண்டுதான் உண்டு, சயன்ஸ் கிடையாது. தெரியாமல் அதில் சேர்ந்து பாஸும் பண்ணிவிட்டு, நர்சிங் கல்லூரி வாசலில் போய் நின்றால் என்ன செய்வது? டிப்ளமோ நர்சிங்கான ஜி.என்.எம்.முக்கு மற்றப் பிரிவுக்காரர்களுக்கும் இடம் உண்டு, ஆனால் அங்கே 35 வயது வரம்பு இருக்கிறது. வயது முப்பத்திரண்டு, கையில் பத்தாவது கூட இல்லை என்றால் இந்த ஆசையை இன்றே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும், நாளைக்கு அல்ல. ஆனால் எல்லாப் படிப்புக்கும் வயது வரம்பு உண்டு என்று நினைத்துப் பயப்படவும் வேண்டாம். டாக்டர் படிப்புக்கான நீட் தேர்விலேயே உச்ச வயது வரம்பை 2022இல் எடுத்துவிட்டார்கள்.

வக்கீல் ஆசை உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பத்து, பிளஸ் டூ எதுவும் இல்லாமல் நேராகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவர்களைச் சட்டப்படிப்புக்குச் சேர்க்கக் கூடாது என்பது இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் வருட விதி. தமிழ்நாட்டு அரசு வேலையும் அப்படித்தான். பத்து, பிளஸ் டூ, டிகிரி என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும் என்று டி.என்.பி.எஸ்.சி. கேட்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் சொந்தபந்தம் என்று இருக்கிற நமக்கு இது முக்கியம். பிளஸ் டூவைத் தாண்டிக் குதித்து டிகிரிக்குப் போகிற எந்தக் குறுக்குவழியும் வேண்டாம். இரண்டு வருடம் மிச்சம் என்று தோன்றும், அப்புறம் ஆயுசுக்கும் அந்தப் பட்டத்தை நீட்டுகிற இடத்திலெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதாகிவிடும்.

பத்துக்கு மூன்று வாசல்

சாட்சரதா மிஷன்காரர்களின் பத்தாம் தரம் துல்யதா, எல்லோருக்கும் தெரிந்த வாசல். 17 வயது முடிந்திருக்க வேண்டும், ஏழாவது பாஸ் ஆகியிருக்க வேண்டும். ஏழாவதும் இல்லை என்றால் அவர்களிடமே நான்காம் தரம், ஏழாம் தரம் என்று கீழேயிருந்தே துல்யதா உண்டு. தமிழ் வழியிலேயே எழுதலாம், இது நிறையப் பேருக்குத் தெரியவில்லை. தேர்வை நடத்துவது கேரள அரசின் தேர்வு அலுவலகமான பரீட்சா பவன்தான், கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையமான பி.எஸ்.சி.யிலும் இந்தச் சான்றிதழ் செல்லுபடியாகும். லீவு நாள் வகுப்பு என்பதால் வேலைக்குப் போகிறவர்களுக்குத் தோது. பஞ்சாயத்தில் தொடர்கல்வி மையம் எங்கே இருக்கிறது, அதை நடத்துகிற பிரேரக் யார் என்று கேளுங்கள். எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்குக் கோர்ஸ் ஃபீஸ் கிடையாது, அதையும் வாய்விட்டுக் கேளுங்கள்.

இரண்டாவது, மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளியான என்.ஐ.ஓ.எஸ். 14 வயது ஆனால் பத்தாவதுக்குப் பதியலாம். பள்ளிக்கூடச் சான்றிதழ் எதுவும் கையில் இல்லாதவர்கள், பத்தாவது படிக்கிற அளவுக்குத் தானே படித்திருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தே சேரலாம். ஐந்து பாடம், அதில் ஒன்றாவது மொழிப்பாடம். தேர்ச்சிக்கு 33 சதவீதம். வருடத்துக்கு இரண்டு பொதுத்தேர்வு. பதிந்தால் 5 வருடம் செல்லும், ஒவ்வொரு பாடமாக எழுதிச் சேர்த்துக்கொண்டே வரலாம். பத்தாவது தமிழ் வழியிலும் உண்டு. சீசன் வேலை செய்கிறவர்களுக்கு, அதாவது மாங்காய்க் காலத்தில் முதலமடைத் தோப்பை விட்டு நகரவே முடியாதவர்களுக்கு, இந்த ஐந்து வருட அவகாசம் பெரிய விஷயம்.

மூன்றாவது, தமிழ்நாட்டில் தனித்தேர்வராக எழுதுவது. அந்தப் பக்கம் முகவரி உள்ளவர்கள் பார்க்கலாம். எட்டாவது தனித்தேர்வு முடித்து, அப்புறம் பத்து. அறிவியலுக்குச் செய்முறைப் பயிற்சிக்கு முன்னாலேயே பதிய வேண்டும், அதை விட்டுவிட்டால் தேர்வு எழுத முடியாது.

என்.ஐ.ஓ.எஸ்.ஸில் ஒரு குழி இருக்கிறது, கேளுங்கள். அங்கே பத்தாவதில் கணக்குப் பாடம் கட்டாயம் இல்லை. நம் ஆட்கள் கணக்கைப் பார்த்தாலே பயந்து, தமிழ், சமூக அறிவியல், மனையியல் என்று எடுத்து எளிதாக முடித்துவிடுகிறார்கள். அப்புறம் பாலிடெக்னிக் போக ஆசை வரும், முடியாது. சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய டேட்டா சயன்ஸ் பி.எஸ். படிப்பு இருக்கிறதே, அதில் சேர வயது வரம்பு இல்லை, பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்தவரும் நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வு எழுதிச் சேரலாம். அவ்வளவு திறந்து வைத்திருக்கிற படிப்பே பத்தாவதில் கணக்கும் இங்கிலீஷும் படித்திருக்க வேண்டும் என்று கேட்கிறது. பிற்பாடு என்ன ஆசை வரும் என்று இப்போது யாருக்கும் தெரியாது. அதனால் கணக்கை விடாதீர்கள். பின்னம், சதவீதம், வட்டிக் கணக்கு மூன்றும் கைவந்துவிட்டால் பத்தாவது கணக்கில் பாதி பயம் போய்விடும், இதை என் வகுப்பில் கண்ணாலேயே பார்க்கிறேன். ஆறாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிளஸ் டூவில்தான் பாதை பிரிகிறது

சாட்சரதா மிஷன் பிளஸ் டூவுக்கு 22 வயது ஆகியிருக்க வேண்டும். ஹியூமானிட்டீஸ், காமர்ஸ் என்று முன்பே சொன்னேன். சயன்ஸ் வேண்டும் என்றால் இரண்டு வழி. ஒன்று கேரள அரசின் திறந்தநிலைப் பள்ளி அமைப்பான ஸ்கோல் கேரளாவின் ஓப்பன் ரெகுலர், அதில் பள்ளிக்கூடத்தில் லேப் வகுப்போடு சயன்ஸ் படிக்கலாம். இன்னொன்று என்.ஐ.ஓ.எஸ்., அங்கேயும் செய்முறைத் தேர்வு உண்டு. என்.ஐ.ஓ.எஸ்.ஸில் பத்து பாஸ் ஆனதற்கும் பிளஸ் டூ சான்றிதழுக்கும் நடுவே இரண்டு வருட இடைவெளி வேண்டும். "ஒரே வருஷத்துல பத்தும் பன்னெண்டும் வாங்கித் தர்றோம்" என்று போன் பண்ணுகிறவர்களை நம்ப வேண்டாம் என்பதற்கு இந்த ஒரு விதியே போதும்.

டிகிரியை எல்லைக்கு அந்தப் பக்கம், கோயம்புத்தூரிலோ பொள்ளாச்சியிலோ படிக்கிற எண்ணம் இருந்தால், உங்கள் பிளஸ் டூ அந்தப் பல்கலைக்கழகத்தில் செல்லுமா என்று பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தையாக "அதெல்லாம் செல்லும்" என்று சொல்வது ஆபீசில் செல்லாது. இரண்டு மாநிலத்திலும் கால் வைக்கிற குடும்பம் என்றால் எனக்கு என்.ஐ.ஓ.எஸ். பிளஸ் டூதான் மனதுக்குப் படுகிறது, அது நாடு முழுக்கத் தெரிந்த போர்டு. பக்கத்திலேயே இருந்து பாலக்காட்டுச் சித்தூரில் படித்து கேரள பி.எஸ்.சி. எழுதப் போகிறவர்களுக்கு சாட்சரதா மிஷன் வழியே போதும், வகுப்பு நடப்பதால் கூடப் படிக்கிறவர்களின் துணையும் கிடைக்கும். அந்தத் துணையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். வீட்டில் தனியாகப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு மூன்று வருடம் தாக்குப்பிடிக்கிறவர்கள் ரொம்பக் குறைவு.

பாடத்தைச் சேரும் முன்பே ஓட்டிப் பாருங்கள்

இதுதான் நான் அதிகமாக வற்புறுத்துகிற விஷயம். பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கு இருக்கிற உண்மையான கஷ்டம் அறிவு குறைவு என்பதல்ல. வரலாறு என்றால் உள்ளே என்ன இருக்கும், பொருளியல் என்றால் எதைப் பற்றி எழுதச் சொல்வார்கள் என்று ருசி பார்க்க வாய்ப்பே கிடைக்காமல் போனதுதான். அந்த வாய்ப்பை நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும், அதற்குக் காசும் ஆகாது.

தமிழ்நாட்டு அரசின் பிளஸ் ஒன் பாடநூல்கள் தமிழிலேயே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மூன்று பாடம் எடுங்கள். ஒன்று உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிற பாடம், ஒன்று பிறர் சொல்கிற பாடம், ஒன்று நீங்கள் யோசித்தே பார்க்காத பாடம். ஒவ்வொன்றிலும் ஒரு பாடத்தைப் படித்து, புத்தகத்தை மூடிவிட்டு, ஒரு பக்கம் கையால் எழுதுங்கள். அப்புறம் பாடத்தின் கடைசியில் உள்ள கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். சில வாரம் இப்படிப் போனால், எந்தப் புத்தகத்தை யாரும் சொல்லாமலே கையில் எடுக்கிறீர்கள் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். அடுத்த கட்டமாக, மத்திய அரசின் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவின் டிகிரிப் பாடங்கள் இ-ஞானகோஷ் தளத்தில் இலவசமாக இருக்கின்றன, முதல் செமஸ்டர் பாடம் ஒன்றைத் திறந்து பாருங்கள். இங்கிலீஷில் இருந்தால் பக்கத்துக்கு எத்தனை வார்த்தை புரியவில்லை என்று எண்ணிப் பாருங்கள், எந்த மொழியில் டிகிரி படிப்பது என்ற கேள்விக்கும் அதிலேயே பதில் இருக்கிறது.

எங்கள் பக்கத்து அக்கா ஒருவர் பி.ஏ. தமிழ்தான் படிப்பேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார், காரணம் கேட்டால் "எனக்குத் தெரிஞ்சது தமிழ் மட்டுந்தானுங்க தம்பி" என்பார். கணக்குப்பதிவியல் புத்தகத்தை மூன்றாவது பாடமாக, வேண்டாவெறுப்பாகத்தான் எடுத்தார். குறிப்பேட்டுப் பதிவு என்கிற பகுதிக்கு வந்ததும் பென்சிலை எடுத்து வரிசையாகப் போட ஆரம்பித்துவிட்டார். சரக்கு கடனுக்கு வாங்கியது, வாடகை கொடுத்தது, ரொக்கம் வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் எது பற்று, எது வரவு என்று கேட்கக்கூட இல்லை. ஒன்றிரண்டு இடத்தில் பற்றும் வரவும் இடம் மாறியிருந்தது, அதைக் காட்டியதும் அவரே திருத்திவிட்டார். "இது நம்ம அயல்கூட்ட நோட்டு மாதிரியே இருக்குதுங்களே" என்றார். குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில், அதாவது பெண்கள் சுயஉதவிக் குழுவில், வாராவாரம் யார் எவ்வளவு சேமிப்புப் போட்டார்கள், யார் கடன் தவணை கட்டினார்கள், கையில் எவ்வளவு, பேங்கில் எவ்வளவு என்று பல வருடமாக நோட்டு எழுதுகிறவர் அவர். அவருக்குத் தெரிந்தது தமிழ் மட்டுமல்ல, யாரும் அதைக் கணக்குப்பதிவியல் என்று அவரிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். இப்போது காமர்ஸ் எடுத்துப் படிக்கிறார்.

உங்கள் வேலையிலும் இப்படி ஏதாவது ஒரு பாடம் ஒளிந்திருக்கும், தேடிப் பாருங்கள். பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டமான பி.ஏ.பி.யின் வாய்க்கால் தண்ணீர் எந்தத் தோட்டத்துக்கு எப்போது வரும், ஏன் வராது என்று வாய் ஓயாமல் பேசுகிற ஆள், பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தத்தைப் பற்றிப் பொருளியலிலோ அரசியல் அறிவியலிலோ படிக்க வந்தால் முதல் நாளே பாதி தெரிந்தவராக இருப்பார்.

எந்தப் பாடம் யாருக்கு: என் அபிப்பிராயம்

காமர்ஸ்: கடை, குழு, கமிஷன் மண்டி என்று எதிலாவது பணக்கணக்குப் பார்த்தவர்களுக்கு. பி.காம். முடிப்பதற்குள் டேலியும் ஜி.எஸ்.டி. கணக்கும் பழகிக்கொண்டால் நம் பக்கத்திலேயே வேலை உண்டு. பி.காமில் 55 சதவீதம் வாங்கினால் சி.ஏ. இன்டர்மீடியட்டுக்கு நேராகப் போகலாம் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

தமிழ்: எனக்கு மனதுக்கு நெருக்கமான பாடம், அதனால்தான் எச்சரித்தே சொல்கிறேன். வீட்டில் பேசுகிற மொழிதானே, சுலபம் என்று நினைத்து வராதீர்கள். இலக்கணம் உண்டு, சங்கப் பாட்டு உண்டு, சொல்லுக்குச் சொல் நின்று படிக்க வேண்டும். அந்தப் பொறுமை இருந்தால் நம் எல்லைப் பகுதியில் இதற்கு இருக்கிற மதிப்பு வேறெங்கும் இல்லை. பாலக்காட்டுச் சித்தூரில், சோகநாசினி ஆற்றங்கரையில் 1947இல் தொடங்கிய அரசுக் கல்லூரியிலேயே தமிழ்த் துறை இருக்கிறது, பி.ஏ.வும் எம்.ஏ.வும் படிக்கலாம். கேரள பி.எஸ்.சி. தமிழ் வழிப் பள்ளிகளுக்கென்று ஆசிரியர்களை எடுக்கிறது. தமிழும் மலையாளமும் தெரிந்தவர்களுக்கென்று தனியாக எல்.டி. கிளார்க் பணியிடங்களையும் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் அறிவித்திருக்கிறது. ஆகவே தமிழ் படிக்கிறவர் மலையாளம் எழுதப் படிக்கவும் சேர்த்தே கற்றுக்கொள்ள வேண்டும், பேசத் தெரிந்தால் மட்டும் போதாது.

வரலாறு, அரசியல் அறிவியல், பொருளியல்: போட்டித் தேர்வு எழுதப் போகிறவர்களுக்கு நல்ல அடித்தளம். யு.பி.எஸ்.சி.க்கும் கேரள செக்ரட்டேரியட் அசிஸ்டென்டுக்கும் ஏதாவது ஒரு டிகிரி போதும், ஆனால் வயது வரம்பை உங்கள் பிரிவுக்கு எவ்வளவு என்று இன்றைக்கே பார்த்துக்கொள்ளுங்கள். ராஜா ராணிக் கதை பிடிக்கும் என்பதற்காக வரலாறு எடுப்பவர்கள், ஒரு கல்வெட்டை வைத்து நிலவரியைப் பற்றி நான்கு பக்கம் விவாதிக்கிற பாடம் அது என்பதைப் பிளஸ் ஒன் புத்தகத்திலேயே பார்த்துவிட்டு வாருங்கள்.

இங்கிலீஷ்: "இங்கிலீஷ் பேச வரும்னு" பி.ஏ. இங்கிலீஷ் எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அது இலக்கியப் படிப்பு. பேசப் பழக வேறு வழி நூறு இருக்கிறது.

கம்ப்யூட்டர்: பி.சி.ஏ. எல்லா இடத்திலும் கிடைக்கிறது என்பதால் கண்ணை மூடிக்கொண்டு சேராதீர்கள். பிளஸ் டூவில் கணக்கோ கம்ப்யூட்டரோ படித்திருக்க வேண்டும் என்று கேட்கும் இடங்கள் உண்டு. சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் இல்லாமல், மொபைலில் மட்டும் பார்த்து இதைப் படிக்க முடியாது.

ஆசிரியர் ஆக நினைக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிற பாடத்தில்தான் டிகிரி இருக்க வேண்டும். பி.பி.ஏ. மாதிரி படித்துவிட்டு, அப்புறம் பி.எட்.டுக்கு எந்தப் பாடத்தில் சேர்வது என்று திண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ரெகுலரா, தபால் வழியா

முடிந்தால் கல்லூரிக்கே போங்கள் என்பதுதான் என் கட்சி. சேர்க்கை அறிவிப்பில் வயது வரம்பு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டு, கேரள அரசின் இணையச் சேவை மையமான அக்ஷயாவில் விண்ணப்பம் போடுங்கள். முடியாதவர்களுக்கு இக்னோ, கொல்லத்தில் 2020இல் தொடங்கிய ஸ்ரீநாராயணகுரு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் எல்லாம் இருக்கின்றன. மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தன் மாநிலத்துக்குள்தான் படிப்பு மையம் நடத்தலாம். ஆகவே வேறு மாநிலப் பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட்டு "கொழிஞ்சாம்பாறையிலேயே எங்கள் சென்டர்" என்று யாராவது போர்டு வைத்தால் திரும்பி வந்துவிடுங்கள். தமிழ்நாட்டு மையம் வேண்டும் என்றால் பஸ் ஏறி அந்தப் பக்கம்தான் போக வேண்டும்.

எல்லாப் பாடமும் தொலைவழியில் கிடைக்காது. இன்ஜினியரிங், சட்டம், நர்சிங், பார்மசி, பிசியோதெரபி, விவசாயம், ஹோட்டல் மேனேஜ்மென்ட் இவற்றுக்கெல்லாம் யு.ஜி.சி. அனுமதி கிடையாது. 2025ஆம் வருட ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியலையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். உளவியல் ஆலோசகர் ஆக ஆசைப்படுகிறவர்கள் ரெகுலர் கல்லூரிதான் பார்க்க வேண்டும். சேரும் முன் யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவுத் தளத்தில் அந்தப் பல்கலைக்கழகமும் அந்தப் பாடமும் இரண்டும் இந்த வருடப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள், பல்கலைக்கழகம் இருந்தும் பாடம் இல்லாமல் போவதுண்டு. அந்தத் தளத்திலேயே டெப் ஐ.டி. என்று ஒன்று உண்டாக்கினால்தான் இப்போது சேரவே முடியும். அதை நீங்களே உட்கார்ந்து உண்டாக்குங்கள், புரோக்கர் கையில் ஆதார் நம்பரையும் ஓ.டி.பி.யையும் கொடுக்காதீர்கள்.

தொலைவழியில் படிப்பவர்கள் அசைன்மென்டை விட்டுவிடுவதால்தான் பெரும்பாலும் சிக்குகிறார்கள். இக்னோவில் 30 சதவீத மதிப்பெண் அதில் இருக்கிறது. இன்னொன்று, கை. பல வருடம் பேனா பிடிக்காத கைக்கு மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுதுவது பெரிய வேலை. தினமும் அரைமணி நேரம் எழுதிப் பழகாமல் தேர்வுக்குப் போனால், தெரிந்த பதிலையும் பாதியில் விட்டுவிட்டு வர வேண்டியிருக்கும்.

பேப்பர்கள்

எல்லையில் இருக்கிறவர்களுக்குப் படிப்பை விடப் பெரிய தலைவலி இதுதான். ஆதாரில் முன்னால் இனிஷியல், ரேஷன் கார்டில் பின்னால் வீட்டுப்பெயர், பேங்க் புத்தகத்தில் அப்பா பெயர் முழுசாக என்று ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருக்கும். பத்தாவதுக்கு விண்ணப்பிக்கும் முன்பே ஆதாரைத் திருத்தி ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள். பத்தாவது சான்றிதழில் எப்படி அச்சாகிறதோ அப்படித்தான் டிகிரி வரை தொடரும், பிறந்த தேதியும் அப்படித்தான். பிறப்பே பதியாமல் விட்டவர்கள் தாமதப் பதிவுக்கு மாவட்ட அல்லது உட்கோட்ட நிர்வாகத்துறை நடுவர் அதிகாரம் உள்ள அதிகாரியின் உத்தரவு வாங்க வேண்டியிருக்கும், அதாவது கலெக்டர் அல்லது ஆர்.டி.ஓ. ஆபீஸ். அது மாதக்கணக்கில் இழுக்கும் என்பதால் படிக்க ஆரம்பிக்கும்போதே மனுவைப் போடுங்கள்.

ஜாதிச் சான்றிதழும் அப்படித்தான். எஸ்.சி., ஓ.பி.சி. பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. அந்தப் பக்கம் ஒரு பிரிவில் இருக்கிற சமூகம் இந்தப் பக்கம் வேறு பிரிவில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தாத்தா காலத்தில் எங்கேயிருந்து வந்தோம், எப்போது வந்தோம் என்று வில்லேஜ் ஆபீசில் கேட்பார்கள், பழைய நிலப் பத்திரமோ தாத்தாவின் பள்ளிச் சான்றிதழோ இருந்தால் தேடி எடுத்து வையுங்கள். ஃபீஸ் சலுகையை நம்பிப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் சான்றிதழ் கைக்கு வந்த பிறகே முடிவு செய்யுங்கள்.

சேர்ந்த பிறகு

கேரளப் பல்கலைக்கழகங்களில் 2024 முதல் நான்கு வருட டிகிரி வந்துவிட்டது. பயப்பட வேண்டாம், மூன்று வருடத்தில் டிகிரி வாங்கிக்கொண்டு வெளியே வரலாம், நான்காவது வருடம் ஹானர்ஸ் வேண்டுகிறவர்களுக்கு. நமக்கு இதில் ஒரு நல்லது இருக்கிறது. மேஜர் என்கிற முக்கியப் பாடத்தோடு மைனர் என்று வேறு துணைப் பாடங்களும் படிக்க வேண்டும், இரண்டாவது செமஸ்டர் முடிந்ததும் இடம் இருந்தால் மேஜரையே மாற்றிக்கொள்ளவும் வழி வைத்திருக்கிறார்கள். அதனால் சேரும்போது மைனரை "எது ஈஸி" என்று பார்க்காதீர்கள். நோட்டில் எழுதி வைத்தீர்களே மூன்று வேலை, அதில் இரண்டாவது வேலைக்கு எந்தப் பாடம் வேண்டுமோ அதை மைனராக எடுங்கள். முதல் செமஸ்டர் மதிப்பெண் வந்ததும் டிபார்ட்மென்ட் சாரிடமோ டீச்சரிடமோ போய், மாற்றுவதற்கு எப்போது விண்ணப்பம் வாங்குவார்கள், எத்தனை இடம் இருக்கும் என்று கேட்டு வையுங்கள். உங்களை விடப் பதினைந்து வயது சின்னப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள்தான், அவர்களோடு நின்று கேளுங்கள். அந்தத் தேதியை அவர்கள் வாட்ஸப் குழுவில்தான் முதலில் போடுவார்கள், ஆகவே கிளாஸ் குழுவில் உங்கள் நம்பரையும் முதல் வாரமே சேர்க்கச் சொல்லிவிடுங்கள்.